உடைய வேண்டியது எது?

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. எடை சில கிராம்தான். அது முறிந்தால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கார் மூன்று சக்கரத்தில் முடங்கிவிடுகிறது.

ரேடியோ அலையால் இயங்கும் கார்களை ஓட்டுகிறவர்கள் அனைவருக்கும் இந்தக் கணம் பழக்கமானது. திருப்பத்தில் வேகம் கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது. நடைபாதை ஓரக்கல்லில் கார் மோதுகிறது. 'டக்'கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் பக்கவாட்டில் தொங்குகிறது. சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை போய்விட்டது. அதை 'ஆர்ம்' என்பார்கள்.

இவை திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைகள் அல்ல. கடைசி ஸ்க்ரூவரை கழற்றி மாட்டக்கூடியவை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் உண்டு, தனியாக வாங்கலாம். ஏட்டளவில் அப்படித்தான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ மோட்டார் கிடைக்கும், பேட்டரி கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட காரின் இடது முன் ஆர்ம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பாகத்தின் விலையைத் தபால் செலவு தாண்டிவிடும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதுதான் நோக்கம். ஆனால், புதிய காரையே வாங்கிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வழியும் கசந்துபோனது. பழைய மாடல் என்றால் இன்னும் மோசம். அதன் பாகங்களை இப்போது யாருமே தயாரிக்காமல் இருக்கலாம்.

ஆகவே பால்கனி பட்டறையாகிறது. ஒரு பழைய மேஜை, வைஸ், அரம், டிரில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் வெர்னியர். கொஞ்ச காலமாக இவற்றோடு ஒரு முப்பரிமாண பிரிண்டரும் சேர்ந்திருக்கிறது.

அந்த பிரிண்டரின் பிறப்பிலும் ஒரு பொம்மை இருக்கிறது. 1988-ல் அமெரிக்கப் பொறியாளர் ஸ்காட் கிரம்ப் தன் மகளுக்காக ஒரு தவளைப் பொம்மை செய்ய முயன்றார். சூடான பசையைப் பீய்ச்சும் துப்பாக்கியில் பாலிஎதிலினையும் மெழுகையும் நிரப்பி, அடுக்கின்மேல் அடுக்காகப் படியவிட்டார். 1992-ல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அது 2009-ல் காலாவதியானது. இதற்கிடையே, 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம், இத்தகைய இயந்திரத்தின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. தொழிற்சாலைக்குள் இருந்த கருவி வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கருவி வந்துவிட்டால் பாகம் வந்துவிடாது. உடைந்த ஆர்மை அளந்து, கணினியில் வரைந்து, அச்சிட்டு மாட்டினால் முதல் மோதலிலேயே அது முறிவது சகஜம். விறகு பிளப்பவருக்குக் காரணம் உடனே புரியும். நார் ஓடும் திசையில் கட்டை சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. அச்சிட்ட பாகமும் அப்படியே. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள பிடிப்பு, ஓர் அடுக்கின் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. ஆர்மை நிற்கவைத்து அச்சிட்டால் அடுக்குகள் குறுக்கே அமைந்து, அடி விழும் இடத்திலேயே விட்டுப்போகும். படுக்கவைத்து அச்சிட்டால் அதே பிளாஸ்டிக், அதே வடிவம் தாக்குப்பிடிக்கிறது.

அடுத்தது துளை. மூன்று மில்லிமீட்டர் கம்பி நுழைய மூன்று மில்லிமீட்டர் துளை வரைந்தால் கம்பி நுழையாது. அச்சிட்ட துளை சற்றுச் சிறுத்துவிடும். அனுபவசாலிகள் சிறியதாகவே அச்சிட்டு, பிறகு டிரில்லால் சரியான அளவுக்குத் துளைக்கிறார்கள்.

பிறகு வெயில். தொடங்குகிறவர்கள் விரும்பும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் அச்சிட மிகச் சுலபமானது. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். மே மாதத்தில் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் முன்பகுதியில் அந்தச் சூடு சர்வசாதாரணம். மோட்டாரைத் தாங்கும் பாகத்தை அதில் செய்தவர் ஒரு நாள் அது வளைந்திருப்பதைப் பார்ப்பார். நைலான் தாங்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அச்சிடுவதற்குமுன் அதை அடுப்பில் காயவைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் அப்பளம்போல அதையும் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தாக வேண்டும்.

கியர்களில் வேறு வகைப் பொறி இருக்கிறது. அமெரிக்கக் கார்களில் பல்லின் அளவு அங்குலக் கணக்கு: விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பற்கள் என்பது. ஜப்பானியக் கார்களில் மில்லிமீட்டர் கணக்கு: ஒரு பல்லுக்கு எவ்வளவு விட்டம் என்பது. அங்குலத்துக்கு 48 பல் என்பதை மில்லிமீட்டராக்கினால் 0.53 வரும். 0.5 கணக்கில் செய்த கியருக்கும் இதற்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டையும் இணைத்தால் சுற்றவும் செய்யும். கொஞ்ச நேரத்தில் ஒன்றின் பற்கள் மாவாகிவிடும்.

இத்தனையும் கற்ற பிறகு ஒரு ஆசை வருகிறது. எதற்கு இந்தப் பிளாஸ்டிக்? லேத் பட்டறையில் சொல்லி அலுமினியத்தில் செய்துவிட்டால்? வாழ்நாள் முழுக்க உடையாதே!

உடையாதுதான். அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மோதுவது, அதை ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, கீழே போடுவதற்குச் சமம். அந்த அடி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிளாஸ்டிக் ஆர்ம் கொஞ்சம் வளைந்து அதை விழுங்கிக்கொள்கிறது. முடியாதபோது தான் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. அலுமினிய ஆர்ம் அப்படியே உள்ளே கடத்துகிறது. அது பிடித்திருக்கும் தாங்கி விரிசல் விடும். அல்லது அடிச்சட்டம் பிளக்கும். ஆர்மே வளைந்துவிட்டால் பிளாஸ்டிக்போல அது பழைய நிலைக்குத் திரும்பாது. கார் ஒரு பக்கமாக இழுத்தபடி ஓடும். மாற்ற வேண்டியது முன்பு ஒரு துண்டு. இப்போது பாதிக் கார்.

பந்தயக்காரர்களுக்கு இது பழைய பாடம். 1984-ல் வெளிவந்த அமெரிக்கக் கார் அசோசியேட்டட் ஆர்.சி.10. அதன் அடிச்சட்டம் அலுமினியம், ஆர்ம்களோ நைலான். மறு ஆண்டே கலிபோர்னியாவில் நடந்த உலகப் போட்டியில், இரு சக்கரங்கள் உந்தும் கார்களுக்கான பட்டத்தை அது வென்றது. உலோகம் எங்கே, பிளாஸ்டிக் எங்கே என்று தெரிந்து வைத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கிலும் இதே தத்துவம்தான். சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் 'சர்வோ சேவர்' என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு உண்டு. சக்கரத்தில் அடி விழுந்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். மோட்டாருக்குள் இருக்கும் பொடிப் பற்கள் தப்பிக்கும். வீட்டு மின் இணைப்பில் ஃப்யூஸ் செய்யும் வேலையை இது காரில் செய்கிறது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றியவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது.

எனவே பாகம் செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி 'இதை எப்படி உடையாமல் செய்வது?' என்பதல்ல, 'மோதினால் எது உடைய வேண்டும்?' என்பதுதான். மலிவானது, சுலபமாக மாட்டக்கூடியது, மறுபடி செய்துகொள்ளக்கூடியது எதுவோ, அது உடையட்டும். அச்சாணி உறுதியாக இருக்கட்டும். தாங்கி ஆர்மைவிட ஒரு படி வலுவாக இருக்கட்டும். இந்த வரிசையை ஒரு தொழிற்சாலை எல்லோருக்கும் பொதுவாகத் தீர்மானிக்கிறது. பட்டறைக்காரர் தன் தெருவின் ஓரக்கல்லைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கடையில் வாங்கும் பாகத்தைவிட வீட்டில் செய்த பாகம் மேலானதாக முடியும் என்றால், அது இந்த ஒரு காரணத்தால்தான்.

அதற்கு உடைந்த துண்டு தேவை. எங்கே முறிந்தது, விளிம்பு வெள்ளையாக இழுபட்டிருக்கிறதா, கண்ணாடிபோல் சுத்தமாக விட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. கூர்மையான உள்மூலையில் முறிந்திருந்தால் அடுத்த வரைபடத்தில் அந்த மூலையை வளைவாக்க வேண்டும். துளையைச் சுற்றிப் பிளந்திருந்தால் அங்கே சதை சேர்க்க வேண்டும். குப்பைக்கூடையில் போட்டவருக்கு இந்தத் தகவல் கிடைக்காது.

மூன்றாவது வரைபடத்தில், நான்காவது வரைபடத்தில் ஆர்ம் சரியாக அமைந்துவிடுகிறது. கார் மறுபடியும் தெருவில் இறங்குகிறது. அதே திருப்பம், அதே ஓரக்கல், அதே 'டக்'. ஆனால் இந்த முறை ஓட்டுகிறவர் முகத்தில் கலவரம் இல்லை. உடைந்தது, அவர் உடையட்டும் என்று நினைத்த பாகம்தான். மேஜை இழுப்பறையில் இன்னும் நான்கு இருக்கின்றன.