காது காட்டும் சுவர்



சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கண்ணில் படாத கீறலைச் சத்தம் சொல்லிவிடுகிறது. பார்க்கக் கண், கேட்கக் காது, தொட்டறியத் தோல் என்று பள்ளியில் பிரித்துப் படித்தோம். மூளைக்குள் அப்படிக் கறாரான பாகப்பிரிவினை எதுவும் நடக்கவில்லை என்கின்றன புலனறிவு ஆய்வுகள்.

பார்வையற்றவர்களில் பலர், எதிரே சுவர் வந்தால் மோதும் முன்பே நின்றுவிடுவார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், முகத்தில் ஏதோ படுவது போலிருந்தது என்பார்கள். அதனால் இத்திறனுக்கு ‘முகப் பார்வை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்தில் படும் காற்றுதான் காரணம் என்று 1749இல் எழுதினார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் கார்ல் டாலன்பாக்கும் அவருடைய மாணவர்கள் இருவரும் இதைச் சோதித்து, 1944இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பா பார்வையற்றவர். பார்வையற்றவர்களும், கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர்களும் சுவரை நோக்கி நடந்தார்கள். முகத்தையும் கைகளையும் தடிப்பாக மூடியபோதும் சுவர் தெரிந்தது. காதை அடைத்ததும் போய் மோதிக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் நடந்தபோது தடுமாற்றம் கூடியது. கடைசிச் சோதனைதான் அழகு. சோதிப்பவர் கையில் மைக்குடன் சுவரை நோக்கி நடக்க, வேறு அறையில் உட்கார்ந்தவர் அந்தக் காலடி ஓசையை மட்டும் கேட்டே சுவர் நெருங்குவதைச் சொன்னார். அந்த அறைக்குள் காற்று எப்படி வரும்? முகத்தில் பட்டதாக அவர்கள் உணர்ந்தது, சுவரில் பட்டுத் திரும்பிய ஓசையைத்தான்.

காது தோலின் வேலையிலும் தலையிடும். 1998இல் பின்லாந்தில் யூஸ்மாக்கி, ஹாரி என்ற ஆய்வாளர்கள், உள்ளங்கைகளைத் தேய்க்கும் சத்தத்தை ஹெட்போன் வழியே தேய்ப்பவருக்கே கேட்கவிட்டார்கள். அதில் கீச்சொலியைக் கூட்டியதும், தோல் காகிதம்போல் வறண்டுவிட்டதாகத் தேய்த்தவர்களுக்குத் தோன்றியது. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் குழு உருளைக்கிழங்கு சிப்ஸில் இதே வித்தையைச் செய்தது. கடிக்கும் சத்தத்தைக் கூர்மையாக்கியபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாக இருந்ததாம்.

இவற்றைப் படித்தபின் நம் சாலைகளை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. வெள்ளைக் கோலின் ‘டக் டக்’ ஒலியும் அது திரும்பி வரும் விதமும் ஒருவருக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நாம் அடிக்கும் ஹாரன் அவர் முன்னே உள்ள சுவரையும் கம்பத்தையும் மறைத்துவிடுகிறது.

எனவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வெள்ளைக் கோலுடன் ஒருவர் நடந்து வந்தால் ஹாரனைத் தொடாமல் வண்டியை நிறுத்தி வழி விடுங்கள். உதவ நினைத்தால் சட்டென்று கையைப் பிடித்து இழுக்காமல், “உதவட்டுங்களா?” என்று முதலில் குரல் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்