மூக்கின் சாட்சியம் செல்லாதா?

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரம் நாறியது. நகரத்தின் மலசலமெல்லாம் தேம்ஸ் நதியிற் கலந்து, வெயிலிற் புளித்து, கரையில் நின்ற பாராளுமன்ற மாளிகைக்குள் வாடையாகப் புகுந்தது. யன்னல் திரைச்சீலைகளைக் குளோரைட்டுச் சுண்ணாம்பில் தோய்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள்; பயன் கிட்டவில்லை. அதே நகரத்தில், அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில், ஏழை மக்கள் வாந்திபேதிக்குப் பல்லாயிரக்கணக்கிற் பலியாகியிருந்தார்கள். அப்போதெல்லாம் அசையாதிருந்த சட்டம், அங்கத்தவர்களின் மூக்கை நாற்றம் தொட்டதும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே நிறைவேறிற்று. நகரின் அடியிற் பெரும் வடிகால்கள் வெட்டப்பட்டன.

ஆளுவோரின் மூக்கை எட்டிய நாற்றத்துக்கு ஒரு சட்டம். ஆளப்படுவோரின் மூக்கை எட்டிய நாற்றத்துக்கு ஒரு பெருமூச்சு. நூற்றறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நம் நாட்டில் நடப்பது இதுவே.

ஊரின் ஓரத்தில் ஒரு குப்பைமேடு வளர்கிறது. அயலில் ஒரு கோழிப்பண்ணை பெருக்கிறது. மீன்கழிவும் இறைச்சிக்கழிவும் வாய்க்காலிற் கிடந்து அழுகுகின்றன. மக்கள் மனுக் கொடுக்கிறார்கள். கிடைக்கும் மறுமொழிகள் மூன்று. “நாளடைவிற் பழகிவிடும்” என்பது ஒன்று. “மணந்தானே, அதனால் என்ன கெட்டுவிட்டது?” என்பது மற்றொன்று. “மணத்தை எப்படி அளப்பது? ஆதாரம் எங்கே?” என்பது மூன்றாவது. இம்மூன்றையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

பழகிவிடும் என்பது உண்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அழுகிய முட்டையின் மணம் வீசும் ஐதரசன் சல்பைட்டு வாயு, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கிலும் மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அது நூறு பங்கை எட்டும்போதோ மூக்கு மரத்துப்போகிறது, மணம் மறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் பெருகினால் உயிரைக் குடிக்கிறது. மலக்குழிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் ஒருவர்பின் ஒருவராக மடிவது இவ்வாறே. மூக்குப் பழகியதென்று ஆறுதல் சொல்பவர், காவல்நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது, ஆகவே கள்வன் போய்விட்டான் என்று சொல்பவருக்கு ஒப்பானவர்.

என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் மீதொட்டமுல்லையை மறந்துவிட்டார்களா? கொழும்பின் குப்பையை ஆண்டுக்கணக்காக அங்கே மலையாகக் குவித்தார்கள். அயலில் வாழ்ந்த எளிய மக்கள் நாற்றத்தைச் சொல்லி முறையிட்டார்கள்; வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, அம்மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாற்றம் மலையைச் சரிக்கவில்லை என்பது சரியே. ஆனால் நாற்றத்தைச் சொன்னவர்களின் சொல்லைத் தள்ளி வைத்த நிர்வாகம், அந்த மேட்டைப் பற்றிய எல்லா எச்சரிக்கைகளையும் அதே கையாலேயே தள்ளி வைத்தது.

நம் வாசலுக்கு வருவோம். சுன்னாகத்தில் மக்கள் கிணற்று நீரில் எண்ணெய் மணக்கிறதென்று முறையிட்டார்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூன் வரை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சியிருந்தது. அதன் பின்னருங்கூட, நஞ்சு உண்டு என்றும் இல்லை என்றும் குழுக்களும் அறிக்கைகளும் ஒன்றோடொன்று மோதின. குடும்பங்கள் தாங்கி நீரை நம்பி வாளியுடன் காத்துநின்றன. மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்பிரலில். சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கும் குடாநாட்டிலே, மூக்கு முதலிற் கூறிய சாட்சியத்துக்கு நீதி கிடைக்க இத்தனை ஆண்டுகள்!

இனி மூன்றாவது மறுமொழி. மணத்தை அளக்க முடியாதாம்! அளக்க முடியும், அளந்துகொண்டிருக்கிறார்கள். யப்பான் 1971ஆம் ஆண்டிலேயே துர்நாற்றக் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அங்குள்ள முறை எளியது. மூன்று பைகள், இரண்டில் வெறுங்காற்று, ஒன்றில் நாறுங்காற்று. முன்பே சோதித்துத் தெரிந்த ஆறு பேர் முகர்ந்து பார்த்து எந்தப் பை என்று கூற வேண்டும். நாறுங்காற்றை மேலும் மேலும் தூய காற்றுடன் கலந்து, அவர்களால் வேறுபாடு காண இயலாத எல்லைவரை செல்கிறார்கள். பத்து மடங்கு கலக்க வேண்டியிருந்தால் சுட்டெண் 10. நூறு மடங்கானால் 20. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இச்சுட்டெண்ணே அங்கு சட்டத்தில் இடம்பெற்றது. வேலியோரத்துக்கு விதிக்கப்படும் எல்லை 10க்கும் 21க்கும் இடையில் அமைகிறது. இயந்திரம் இருக்க மூக்கு எதற்கு எனலாம். துர்நாற்றம் பல நூறு சேர்வைகளின் கலவை. ஒன்றிரண்டு வாயுவை அளக்கும் கருவி அதன் முழுமையைக் காட்டாது. ஆகவே மனித மூக்கே அங்கு அளவுகோல்.

நம் ஊரில் நடப்பதென்ன? பரிசோதகர் வருவது காலை பத்து மணிக்கு. வெயில் ஏறி, காற்று மேலெழுந்து வாடையைக் கலைத்துவிட்ட நேரம் அது. மாலை கவிந்து நிலம் குளிர்ந்ததும் நிலத்தையொட்டிய காற்று மேலெழாமல் தேங்கி நிற்கும். பிள்ளைகள் படிக்கும் வேளையில், சோற்றுக் கோப்பையின் முன்னே, நாற்றம் வந்து அமரும். அந்நேரம் கந்தோர் பூட்டியிருக்கும். “யாம் சென்றபோது நாற்றம் இல்லை” என்று அறிக்கை எழுதப்படும். பொய்யுமன்று, உண்மையுமன்று!

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஜேர்மனியிலே, பயிற்றப்பட்ட ஒருவர் குறித்த இடத்திற் பத்து நிமிடம் நிற்கிறார். பத்து வினாடிக்கு ஒருமுறை மூச்சிழுத்து, வாடை உண்டா இல்லையா என்று குறிக்கிறார். மொத்தம் 60 மூச்சு. அவற்றுள் ஆறில் வாடை தெரிந்தால் அது ஒரு “நாற்ற மணித்தியாலம்”. இவ்வாறு பகலும் இரவும், ஆறு மாதமோ ஓராண்டோ, பல இடங்களிற் பல முறை குறித்துக் கணக்கெடுக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் ஆண்டின் மணித்தியாலங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நாறக்கூடாதென்பது விதி. இதற்கு வேண்டுவன யாவை? ஒரு கைக்கடிகாரம், ஒரு கொப்பி, ஒரு நேர்மையான மூக்கு. இவற்றுக்குமா கொழும்பின் அனுமதி வேண்டும்?

படித்த பெருமக்களே! ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று ஊருக்கு ஊர் இருக்கின்றீர்கள். மனுவில் “தாங்க முடியாத துர்நாற்றம்” என்று எழுதுவதோடு நிற்காதீர்கள். திகதி, மணி, காற்றின் திசை, அறுபதில் எத்தனை என்று எழுதுங்கள். வழக்கிற் சம்பந்தமில்லாதவர்களையும் உடன் நிறுத்திக் குறிக்கச் செய்யுங்கள். நாற்றமில்லாத நாளையும் மறைக்காமற் குறியுங்கள். அதுவே கொப்பிக்கு மதிப்பைத் தரும். பயிற்றப்பட்டோரின் அளவைக்கு இது ஈடாகாது. ஆயினும் வெறும் முறைப்பாட்டினும் பன்மடங்கு வலிமையுள்ளது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்கிறது. அவர் முன் ஆறுமாதக் கொப்பியை வைப்பதும் கண்ணீரை மட்டும் வைப்பதும் ஒன்றாகா.

கமக்காரப் பெருமக்கள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அளவைக்கு அஞ்ச வேண்டியவன் நாற்றத்தைப் பிறர் வீட்டுக்கு அனுப்பி இலாபத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்பவனே. ஐம்பது கோழி வளர்க்கும் விதவையின் கூட்டைப் பிடுங்கிவிட்டு, பெரும் பண்ணைக்கு வணக்கம் சொல்லும் உத்தியோகத்தரின் கையைக் கட்டுவதும் அதே எண்தான். கோழிக்கூட்டின் நாற்றம் ஈரத்தின் பிள்ளை. ஒழுகும் நீர்க்குழாயைத் திருத்தி, தரையில் இட்ட உமியையும் மரத்தூளையும் உலர வைத்தால் அமோனியா அடங்கும். சாணத்தையும் எச்சத்தையும் வைக்கோல், சருகுடன் கலந்து, காபனும் நைதரசனும் முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் அமையக் குவித்து, காற்றுப்படப் புரட்டினால் அது நாறாமற் பசளையாகும். மூச்சுமுட்டக் குவித்தாலே நாறும். நாறி ஆகாயத்துக்குப் போகும் அமோனியா, பயிருக்குப் போகவேண்டிய நைதரசன் அல்லவா? உரத்தின் விலையைக் கமக்காரனுக்கு யாம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

யாம் கேட்பவை பெரியவையல்ல. குப்பை கொட்டும் இடமும் பெரும் பண்ணையும் திறக்குமுன், அங்கு வீசும் காற்றும் அயலின் வீடுகளும் கணக்கிடப்பட வேண்டும். சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தில் நாற்றத்துக்கு ஓர் எண் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பிரதேச சபையிலும் இரவிலும் சென்று அளக்கப் பயிற்றப்பட்ட இருவராவது இருக்க வேண்டும். சபையின் சொந்தக் குப்பைமேட்டுக்கும் அதே எண் பொருந்த வேண்டும். நம்மவர் ஆளும் சபை என்பதற்காக நாற்றம் மணக்காது.

வாக்குக் கேட்டு வரும் பெருமக்களைக் காலை பத்து மணிக்கு வரவேற்காதீர்கள். மாலை ஏழு மணிக்கு அழைத்துச் சென்று, குப்பைமேட்டுக்குக் கீழ்க்காற்றில் நாற்காலி போட்டு அமர்த்துங்கள். கையிற் கடிகாரத்தையும் கொப்பியையும் கொடுங்கள். பத்து நிமிடம், அறுபது மூச்சு. பேச்சை அதன் பின்னர் தொடங்கட்டும்!