பாடநூலை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு?

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் முதல் வாரத்தில் “எதற்குப் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டால், “இங்கிலீஷ்ல பேசணும் சார்” என்பார்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது கேட்டால் பதில் மாறியிருக்கும்: “புக்கப் படிச்சா ஒண்ணும் புரியல சார்.” முதல் பயத்தைப் போக்க மொழி ஆய்வகம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று ஏற்பாடுகள் பல இருக்கின்றன. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சிக்கு இடம் உண்டு. இரண்டாவது பயம்தான் மாணவரை அரியரில் தள்ளுகிறது. அதற்கென்று நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழகத்தில் 47 விழுக்காடு என்றும் நாட்டின் சராசரி 28.4 என்றும் 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொன்னது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கைக்கு வருகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகளுக்கு இவை எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்ப்பவன் நான். இடம் கிடைத்துவிட்டது. பாடம் கிடைத்ததா என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

பிளஸ் டூ ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்தானே, பிறகு ஏன் திணறுகிறார்? அந்த மதிப்பெண் பெரும்பாலும் அறிந்த பாடத்துக்கு, கைடில் உள்ள விடையை மனப்பாடம் செய்து எழுதியதால் வந்தது. இதுவரை பார்க்காத பத்தி ஒன்றும் வினாத்தாளில் வரும். அதன் பங்கு சிறிது. கல்லூரியிலோ ஒவ்வொரு பக்கமும் பார்க்காத பக்கம்தான். அதைத் தானாக வாசித்து, எது முக்கியம் என்று பிரித்து, தன் சொற்களில் எழுத வேண்டும். இந்த மூன்றையும் அந்த மாணவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அறிவில் குறை என்று இதைப் பார்ப்பது பெரும் அநியாயம்.

அன்றாடம் பேசும் மொழியும் கல்விக்கான மொழியும் ஒரே வேகத்தில் வருவதில்லை. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது, பாட ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டினார். அவர் கண்ட குழந்தைகளுக்குத் தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் இருந்தது. திருவாரூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வரும் மாணவிக்கு அது வகுப்பறையில் மட்டும்தான் இருக்கிறது. அவரிடம் ஒரே செமஸ்டரில் அந்தத் தூரத்தைக் கடக்கச் சொல்கிறோம்.

சிக்கல் எங்கே என்று ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். சிவில் பொறியியல் பாடநூல்களில் சாதாரணமாக வரும் வகை: ‘தி ரேட் அட் விச் வாட்டர் மூவ்ஸ் த்ரூ எ சாயில் தட் ஹேஸ் பீன் கம்பேக்டட் டிபெண்ட்ஸ் ஆன் தி சைஸ் ஆஃப் தி போர்ஸ்.’ இறுக்கப்பட்ட மண்ணின் வழியே நீர் நகரும் வேகம் துளைகளின் அளவைப் பொறுத்தது என்பதே செய்தி. இதில் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்துவிட்ட மாணவருக்கும் பொருள் பிடிபடாது. தமிழில் வேகம் எப்படிப்பட்டது, மண் எப்படிப்பட்டது என்ற விவரமெல்லாம் முன்னால் வந்துவிடும். வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் விவரம் பின்னால் தொங்குகிறது, வினை நடுவில் ஒளிந்திருக்கிறது. ‘ரேட்’ என்ற எழுவாய்க்கும் ‘டிபெண்ட்ஸ்’ என்ற வினைக்கும் நடுவே பத்துக்கும் மேற்பட்ட சொற்கள். மாணவர் ‘சாயில்... கம்பேக்டட்’ வரை வந்து, மண் இறுக்கப்பட்டது என்று புரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்.

இதை வகுப்பில் சரிசெய்ய முடியும். வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, முதலில் முக்கிய வினையைக் கண்டுபிடித்துக் கட்டம் போடச் சொல்ல வேண்டும். ‘எது பொறுத்தது?’ என்று தமிழிலேயே கேட்டு எழுவாய்க்குக் கோடு இழுக்க வேண்டும். ‘எந்த மண்?’, ‘எந்த வேகம்?’ என்று கேட்டுக் கேட்டு மீதியை அடைப்புக்குள் போட வேண்டும். வகுப்புக்குப் பத்து நிமிடம் போதும். சில வாரங்களில் மாணவர்கள் பென்சில் இல்லாமலே இதைச் செய்யத் தொடங்குவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

சொற்களிலும் ஒரு விடுபடல் இருக்கிறது. பாடத்துக்கே உரிய கலைச்சொற்களைத் துறை ஆசிரியர் விளக்கிவிடுகிறார். ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘ஹென்ஸ்’, ‘வேர்ஆஸ்’, ‘நெவர்தலெஸ்’ போன்றவை எந்தத் துறைக்கும் சொந்தமில்லாதவை, எல்லாத் துறையிலும் வருபவை. இவற்றை இயற்பியல் ஆசிரியர் ஆங்கிலம் என்று விட்டுவிடுகிறார். ஆங்கில ஆசிரியரோ தன் செய்யுளுக்கும் சிறுகதைக்கும் போய்விடுகிறார். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் இத்தகைய 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தப் பட்டியலுக்குள் அடங்குகிறது. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் நாளுக்கு ஆறேழு சொல்தான் கணக்கு.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் புதுச் சிந்தனையும் அல்ல. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் வெளியான நூலில், வாசிப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டார். பாதியில் படிப்பை விட்டாலும் கையில் மிஞ்சும் திறன் அது என்பது அவர் கணிப்பு. என்.எஸ்.பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளைப் பாடமாக நடத்தாமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடவைத்தார். மனம் பொருளில் இருக்கும்போது மொழி படிகிறது என்பதே அதன் அடிப்படை. கல்லூரி மாணவருக்கு அப்படி மனம் வைக்க ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது: அவர் விரும்பி எடுத்த பாடம். அந்தப் பாடநூலையே ஆங்கிலப் புத்தகமாகவும் ஆக்காமல், எங்கிருந்தோ எடுத்த கட்டுரைத் தொகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துக்கு வருகிறேன். அசைன்மென்ட் என்று கேட்டால் இணையத்திலிருந்து அப்படியே இறக்கித் தருகிறார்கள், இப்போது சாட்ஜிபிடி எழுதித் தருகிறது என்று ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். பள்ளிக்காலம் முழுவதும் அச்சிலிருந்ததை எழுத்து பிசகாமல் எழுதியதற்குத்தானே அந்தப் பிள்ளைகளைப் பாராட்டினோம்? சொந்தமாக எழுதுவது எப்படி என்று காட்டாமல், நகலெடுத்தது குற்றம் என்று திட்டுவதில் நியாயமில்லை.

பயன் தரும் வழி ஒன்று உண்டு. ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் எழுதி, புத்தகத்தைத் திறந்து எது விட்டுப்போனது என்று ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன மண் வாக்கியத்துக்கு, ‘வாட்டர் கோ ஸ்லோ இன் டைட் சாயில் பிகாஸ் ஹோல் ஸ்மால்’ என்று ஒரு மாணவர் எழுதினால், இலக்கணம் பார்த்துச் சிவப்பு மையால் நிரப்பிவிட நம் கை துடிக்கும். ஆனால், அதில் ஒரு கூற்று இருக்கிறது, அதற்கான காரணமும் இருக்கிறது. நூலாசிரியர் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டதையும் அவரே ஊகித்திருக்கிறார். கைடிலிருந்து பிழையின்றி இறக்கிய ஒரு பக்கத்தைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அதில் வினைச்சொல்லை மட்டும் இந்த வாரம் திருத்துவோம். ஒருமை பன்மை அடுத்த வாரம் ஆகட்டும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுட்டிக்காட்டினால் அந்த மாணவர் மறுபடி கைடுக்கே திரும்பிவிடுவார்.

இதில் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. கல்லூரிக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று அபராதம் போடும் நிர்வாகங்கள் மாணவரின் சிந்தனையைத்தான் நிறுத்திவைக்கின்றன. உயர்கல்வியே தமிழில் இருந்தால் இந்தச் சிக்கல் ஏது என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது நல்ல முயற்சி. அது வளர வேண்டும். அப்போதும் ஆய்விதழை, இயந்திரக் கையேட்டை, நீதிமன்றத் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்தே ஆக வேண்டியிருக்கும். நிறுவனங்கள் பேச்சைத்தானே கேட்கின்றன என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மனப்பாடம் செய்த சுய அறிமுகம் முதல் கேள்வி வரைதான் தாங்கும். தன் பாடத்தை வாசித்துப் புரிந்துகொண்டவரிடம்தான் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கும்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பித்தலின் பெரும் சுமையைக் குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது முறையல்ல. எனவே, இதற்கான மணிநேரத்தையும் ஊதியத்தையும் பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் வாரம் இரண்டு மணி நேரம் துறை ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து, அந்தத் துறைப் பாடநூலை வைத்தே வாசிப்பும் எழுத்தும் நடத்தட்டும். செமஸ்டர் ஆங்கிலத் தாளில் மனப்பாட வினாக்களைக் குறைத்துவிட்டு, வகுப்பில் நடத்தாத ஒரு பாடநூல் பக்கத்தைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லட்டும். வினாத்தாள் மாறினால் வகுப்பும் மாறிவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

- கட்டுரையாளர், கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர்