2030 கணக்கெடுப்பு: இங்கு வாழும் எல்லோரையும் எண்ண வேண்டும்
அமெரிக்காவில் வாழும் தமிழர் சங்கம் ஒன்றின் நிலைப்பாட்டு அறிக்கை

அமெரிக்காவின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. குடியுரிமை இல்லாதவர்களை அதில் எண்ணக் கூடாது என்ற பேச்சு மறுபடி வலுத்திருக்கிறது. 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா, சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்படக் குடியுரிமை இல்லாத அனைவரையும் கழித்துவிடச் சொன்னது. செனட்டைத் தாண்டாததால் அது சட்டமாகவில்லை. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், சட்ட அனுமதியின்றி வசிப்பவர்களை எண்ணாத புதிய கணக்கெடுப்புக்கான வேலையைத் தொடங்குமாறு வர்த்தகத் துறையிடம் கூறிவிட்டதாக அறிவித்தார்.

எங்கள் உறுப்பினர்களில் குடியுரிமை பெற்றவர்களும், கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களும், எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்களும், மாணவர்களும் இருக்கிறார்கள். இங்கு குடியிருக்கும் ஒவ்வொருவரும், எந்த விசா, எந்த ஆவணம் என்ற பேதமின்றி எண்ணப்பட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இது நாங்கள் கேட்கும் சலுகை அல்ல. 1868-இல் சேர்க்கப்பட்ட 14-ஆவது சட்டத்திருத்தம், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மொத்த நபர்களை எண்ணித்தான் இடங்களைப் பங்கிடச் சொல்கிறது. குடிமக்களை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. அது விலக்கிய ஒரே பிரிவினர், அன்று வரி விதிக்கப்படாதிருந்த பூர்வகுடிகள். அந்த விலக்கும் காலாவதியாகிவிட்டது. வரி கட்டும் அயல்நாட்டவரை விலக்க அன்றைக்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

வரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கும் எச்-1பி ஊழியரின் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் என 7,650 டாலர் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 15,300 டாலர். விசாவின் வழக்கமான ஆறு ஆண்டு வரம்புக்குள் 91,800 டாலர். வருமான வரி இதில் சேரவில்லை. ஓய்வூதியத் தகுதிக்கு 40 காலாண்டுகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டுகள், வேலை பார்த்திருக்க வேண்டும். இரு நாட்டிலும் வேலை பார்த்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இல்லை. ஆறு ஆண்டில் சென்னைக்கோ கோவைக்கோ திரும்புகிறவருக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் திரும்ப வராது. ஆவணமற்றவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2022-இல் அவர்கள் கட்டிய மொத்த வரி 96.7 பில்லியன் டாலர் என்று ஐடெப் என்ற வரி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 25.7 பில்லியன் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திட்டத்திலிருந்து எதுவும் கிடைக்கப் போவதில்லை.

வரி வாங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற ஆள், தலை எண்ணும்போது மட்டும் மறைந்துவிட முடியாது. ஆனாலும் வரியை அனுமதிச் சீட்டாக்க எங்களுக்குச் சம்மதமில்லை. எங்கள் வீடுகளிலேயே, எச்-1பி ஊழியர்களின் துணைவருக்கான எச்-4 விசாவில் வந்து பணி அனுமதி கிடைக்காத மனைவிமார் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. கைக்குழந்தை எந்த வரியும் கட்டுவதில்லை. இவர்களுக்கும் பள்ளி, சாலை, ஆம்புலன்ஸ் வேண்டும். 2021 நிதியாண்டில் 2.8 டிரில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கூட்டரசு நிதி, கணக்கெடுப்புத் தரவுகளை ஆதாரமாகக் கொண்டே பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆளைக் குறைத்து எண்ணினால் நெரிசல் குறையாது. அதே வகுப்பறையில் அதே பிள்ளைகள்தான் உட்காருவார்கள். நிதி மட்டும் குறையும், அந்த ஊர்க் குடிமக்களுக்கும் சேர்த்து.

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சிறு எண்ணிக்கைகூட இடங்களை மாற்றிவிடும்: 2020 கணக்கில் இன்னும் 89 பேர் கூடியிருந்தால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது. ஓட்டுரிமை இல்லாதவர்கள் எண்ணிக்கையில் சேர்வதால் சில மாநிலங்களுக்கு இடம் கூடுவதும் உண்மைதான். ஆனால் ஓட்டுப் போடாத சிறுவர்களும் அதே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 1920-க்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் ஓட்டில்லாத பெண்களும் எண்ணப்பட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டுமல்ல, தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் உறுப்பினர் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கெடுப்புப் படிவத்தில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்ப்பதையும் நாங்கள் எதிர்க்கிறோம். 2018-இல் அதற்கு நடந்த முயற்சியை, அரசு சொன்ன காரணம் ஆதாரங்களோடு பொருந்தவில்லை என்று கூறி 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. குடியுரிமைத் தரவு வேண்டுமென்றால், ஆண்டுதோறும் லட்சக்கணக்கான வீடுகளில் நடக்கும் அமெரிக்கச் சமூக ஆய்வில் அந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லாத 2020 படிவத்திலேயே ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் விடுபட்டார்கள்.

கொடுக்கும் விவரம் தங்களுக்கு எதிராகவே திரும்புமோ என்ற மக்களின் பயத்தை வெறும் பிரமை என்று ஒதுக்க முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்கக் கணக்கெடுப்பு விவரங்கள் உதவின. 2025 ஏப்ரலில் வரித்துறைத் தகவல்களைக் குடிவரவுத் துறையோடு பகிர ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால் அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 13-ஆவது தலைப்பு கணக்கெடுப்பு விவரங்களுக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு அப்படியே நீடிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதை மீறும் ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. கூடவே, மேலே சொன்ன சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் செய்து முடிக்கும்படி இந்திய, அமெரிக்க அரசுகள் இரண்டையும் கோருகிறோம்.

நம் வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2020-இல் படிவத்தை நிரப்புவதற்கான வழிகாட்டி தமிழிலேயே வெளியானது. அப்படியிருந்தும் "நாம் விசாக்காரர்தானே" என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவைச் சேர்க்க வேண்டாம். ஆனால் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவரையும், போன மாதம் பிறந்த குழந்தையையும் விட்டுவிடாதீர்கள்.