விசாவுக்கு மூணு வாரம்: யார் போட்ட கணக்கு இது?

கடைசி வருஷம் வந்துட்டாலே கிளாஸ்ல பாதிப் பேர் வாயில ஒரே வசனம்தான். "விசாதானே மச்சி, மூணு வாரத்துல வந்துடும்." கன்சல்டன்சிக்காரர் சொல்றார், சீனியர் சொல்றார், சித்தப்பா பையன் சொல்றான். கடைசியில வீட்ல அப்பாவும் அதையே நம்பி, "ஜூலைல அப்ளை பண்ணா ஆகஸ்ட்ல ஃப்ளைட்"னு மனசுக்குள்ளயே டிக்கெட் போட்டுடறார்.

அந்த மூணு வாரம் பொய் இல்லை. ஆனா அது மொத்த வேலையில ஒரு துண்டுக்கான கணக்கு. அதை எடுத்து முழு வேலைக்குமான கணக்கா நம்ம தலையில கட்டறாங்க. அதை நம்பித்தான் கேம்பஸ் வேலையை வேண்டாம்னு சொல்றோம், நகையை அடகு வைக்கிறோம், வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல கொண்டு போய் கொடுக்கறோம். அதனாலதான் இந்தப் புலம்பல்.

நம்ம பசங்க நிறைய பேர் குறி வைக்கிற பிரிட்டன் மாணவர் விசாவையே எடுத்துக்குவோம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிச்சா வழக்கமா மூணு வாரத்துக்குள்ள முடிவு தெரிஞ்சுடும்னு அந்த அரசாங்கமே சொல்லுது. சரி, எந்த நாள்லேர்ந்து மூணு வாரம்? ஆன்லைன்ல படிவம் நிரப்பி, பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுத்து, விசா மையத்துக்குப் போய் கைரேகையும் போட்டோவும் கொடுத்த பிறகு.

அந்தப் படிவத்தை நிரப்பவே பல்கலைக்கழகம் தர்ற சி.ஏ.எஸ் எண் வேணும். சி.ஏ.எஸ் வேணும்னா டெபாசிட் கட்டியிருக்கணும், மார்க் ஷீட் காட்டியிருக்கணும். செலவுக்குக் காட்டற பணம் கணக்குல தொடர்ந்து 28 நாள் இருக்கணும். நடுவுல ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழ இறங்கினாலும் முதல்லேர்ந்து எண்ண வேண்டியதுதான். இந்தியாவிலிருந்து ஆறு மாசத்துக்கு மேல தங்கப் போறவங்களுக்குக் காசநோய் பரிசோதனைச் சான்றிதழும் வேணும். எக்ஸ்ரேல ஏதாவது சந்தேகம்னா சளிப் பரிசோதனை. அதோட முடிவு வர எட்டு வாரம் வரைக்கும் ஆகலாம். எட்டு வாரம்!

நாம படிச்ச ஆபரேட்டிங் சைக்கிள் ஞாபகம் இருக்கா? மூலப்பொருள் கிடங்குல கிடக்கிற நாள், உற்பத்தியில இருக்கிற நாள், சரக்கு விக்காம தேங்கற நாள், கடன் வசூலாகற நாள் எல்லாத்தையும் கூட்டினாதான் பணம் எத்தனை நாள் முடங்கும்னு தெரியும். "வசூல் 21 நாள்தான் சார்"னு சொல்லி அதை மட்டும் வெச்சு வொர்க்கிங் கேப்பிட்டல் கேட்டா பேங்க் மேனேஜர் சிரிச்சு அனுப்பிடுவார். பரீட்சையில எழுதினா முட்டை மார்க். அதே கணக்கைத்தான் நம்ம வாழ்க்கைக்குப் போடறோம்.

ஒரு தடவை பின்னாலேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். வகுப்பு செப்டம்பர் 21 தொடங்குதுன்னு வெச்சுக்குங்க. ரூம் தேடி செட்டில் ஆக ஒரு வாரம். அப்போ 14ஆம் தேதி அங்க இறங்கணும். முடிவு வர மூணு வாரம். அப்போ ஆகஸ்ட் 24க்குள்ள கைரேகை கொடுத்திருக்கணும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு வாரம். ஆகஸ்ட் 17க்குள்ள படிவம் போயிருக்கணும். அதுக்கு முன்னாடி 28 நாள் பணம் கணக்குல உட்கார்ந்திருக்கணும், ஜூலை 20. அந்தப் பணம் நிலத்தை வெச்சுப் புரட்டற பணம்னா மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீடுன்னு குறைஞ்சது ஒரு மாசம்னு வைங்க. ஜூன் 20 ஆயிடுச்சு.

ஜூன் 20லேர்ந்து செப்டம்பர் 14 வரைக்கும் 86 நாள். பன்னிரண்டு வாரத்துக்கும் மேல. இதுல எதுவுமே தப்பா போகலை. யாருக்கும் சளிப் பரிசோதனை இல்லை, எந்த பேப்பரும் திரும்பி வரலை, எந்த ஆபீஸும் லீவு விடலை. ஏப்ரல், மே மாசத்துல பரீட்சை எழுதிட்டு ரிசல்ட் எப்போ வரும், ப்ரொவிஷனல் எப்போ கைக்கு வரும்னு காத்திருக்கிற நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. மூணு வாரம்னு சொன்னவங்க இப்ப எங்க?

பேங்க் கடன்லயே போறவங்களுக்கு அந்த 28 நாள் நிபந்தனை கிடையாது, அனுமதிக் கடிதம் போதும். ஆனா சந்தோஷப்படாதீங்க. பெரிய தொகைன்னா பொதுவா சொத்து ஜாமீன் கேப்பாங்க. அப்போ அதே மூலப்பத்திரம், அதே வில்லங்கம், அதே வக்கீல். தாத்தா பேர்லயே இருக்கிற பட்டாவை அப்பா பேருக்கு மாத்தாத வீடுன்னா, விசா கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது தாலுகா ஆபீஸ்லேர்ந்துதான். அதை லண்டன்ல உக்காந்து போட்ட எந்த அட்டவணையும் சொல்லாது.

அப்புறம் நமக்குன்னே தனியா ஒரு வினை இருக்கு. பேர். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு அப்பா பேர் முழுசா. அப்பாவோட பேங்க் கணக்குல ஒரு மாதிரி, நம்ம பிறப்புச் சான்றிதழ்ல அவர் பேர் வேற மாதிரி. அப்பா கணக்குல இருக்கிற பணத்தைக் காட்டறதுன்னா அவர்தான் நம்ம அப்பான்னு பிறப்புச் சான்றிதழ் காட்டணும், சம்மதக் கடிதம் தரணும். அந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க நோட்டரி, அஃபிடவிட், திருத்தம்னு அலையற நாளுக்கு எந்த நாட்டு வெப்சைட்லயும் கணக்கு கிடையாது. இதைச் சரி பண்ண நல்ல நேரம் ரெண்டாவது வருஷம். ஜூலை மாசம் இல்லை.

இப்ப சீனியர்ஸ் கிட்ட வருவோம். "எனக்கு ஒன்பது நாள்ல வந்துச்சுடா." வந்திருக்கும், நம்பறேன். ஆனா ஒன்பது நாள்ல வந்தவன்தான் விமான நிலையத்துல போட்டோ எடுத்துப் போடுவான். ஒன்பது வாரம் காத்திருந்து இன்டேக்கைக் கோட்டை விட்டவன் வாயைத் திறக்க மாட்டான். நம்ம காதுக்கு வர்ற கதை எல்லாம் ஏற்கெனவே வடிகட்டி வந்ததுதான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல சாம்பிளிங் பத்தி பக்கம் பக்கமா எழுதறோமே, அது எதுக்கு?

ஆஸ்திரேலியா இந்த விஷயத்துல கொஞ்சம் நேர்மை. 50 சதவீத விண்ணப்பங்கள் இத்தனை நாள்ல முடிஞ்சது, 90 சதவீதம் இத்தனை நாள்லன்னு ரெண்டு எண் தருவாங்க. சாமானியமா நாம முதல் எண்ணைப் பார்த்துட்டு மூடிடுவோம். அந்த முதல் எண்ணோட அர்த்தம், பாதிப் பேருக்கு அதைவிட அதிக நாள் ஆச்சுங்கறதுதான். கடன் வாங்கிப் போறவன் பார்க்க வேண்டியது 90. அதுக்கு மேலயும் பத்துப் பேர்ல ஒருத்தன் இருக்கான்.

நாமளே நமக்குச் சொல்லிக்கற கணக்கும் லேசுப்பட்டது இல்லை. 1994ல பியூலர், கிரிஃபின், ராஸ் மூணு பேரும் உளவியல் மாணவர்கள் கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க. உங்க ஆய்வேட்டை எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே ரொம்ப மோசமா போனா? 48.6 நாள். நிஜமா ஆனது 55.5 நாள். அவங்களோட படுமோசமான கற்பனையையும் நிஜம் தாண்டிடுச்சு. அதுவும் தானே எழுதி, தானே முடிக்கிற வேலையில. நம்ம வேலையில பாதி வேற யாரோட மேஜையிலயோ கிடக்கு.

அந்த மேஜைக்காரங்க நடுவுல விதியையே மாத்துவாங்க. 2022 நவம்பர்லேர்ந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போற இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம் ஆச்சு. கனடா 2024 ஜனவரியில மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு அறிவிச்சு, மாகாணத்தோட சான்றுக் கடிதமும் வேணும்னு சொல்லிச்சு. அதே வருஷம் நவம்பர் 8ஆம் தேதி, வேகமா முடிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்த எஸ்.டி.எஸ் வழியையே மூடிடுச்சு. அமெரிக்கா 2025 மே மாசக் கடைசியில மாணவர் விசா நேர்காணலுக்குப் புது அப்பாயின்ட்மென்ட் தர்றதை நிறுத்தி வெச்சு, ஜூன்லதான் திரும்ப ஆரம்பிச்சுது. ஆகஸ்ட்ல வகுப்பு தொடங்கற ஊருக்கு அந்த மூணு வாரம் எவ்வளவு பெருசுன்னு யோசிங்க. ஜெர்மனி 2025 ஜூலை 1லேர்ந்து, விசா மறுத்தா தூதரகத்துலயே மறுபரிசீலனை கேக்கற வழியை எடுத்துடுச்சு. இனி புதுசா விண்ணப்பிக்கணும், இல்ல அங்க கோர்ட்டுக்குப் போகணும்.

இதெல்லாம் தெரியாதவங்களா கன்சல்டன்சிக்காரங்க? தெரியும். ஆனா நிறைய ஏஜென்சிகளுக்கு பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருது. நாம போய்ச் சேர்ந்தாதான் அவங்களுக்குக் காசு. "இந்த வருஷம் நேரம் பத்தாதுப்பா, அடுத்த இன்டேக் பாரு"ன்னு சொல்றதால அவங்களுக்கு என்ன லாபம்? நாம டெபாசிட் கட்டிட்டா நஷ்டம் யாரோடது? மறந்தும் அவங்களோடது இல்லை. எல்லாரும் அப்படின்னு சொல்லலை. நல்லவங்க இருக்காங்க. ஆனா அவங்க சொல்ற தேதியை, சரக்கு விக்கிறவர் சொல்ற தேதியாத்தான் எடுத்துக்கணும்.

"இப்படி எல்லாத்துக்கும் பயந்தா வீட்டுத் திண்ணையிலதான் உக்காந்திருக்கணும்"னு ஒரு கோஷ்டி சொல்லும். இதுல பயம் எங்க இருக்கு? 1957, 58லயே சி.பி.எம், பெர்ட்டுன்னு கண்டுபிடிச்சு நம்ம சிலபஸ்ல வரைக்கும் வந்தாச்சு. ஒவ்வொரு வேலைக்கும் சீக்கிரம் முடிஞ்சா எத்தனை நாள், சாதாரணமா எத்தனை, இழுத்தா எத்தனைன்னு மூணு எண் போடறோம். எந்த வேலை தாமதமானா மொத்தமும் தாமதம் ஆகும்னு பார்க்கறோம். அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குப் போட்ட கணக்கை, கோயம்புத்தூர்லேர்ந்து கோவென்ட்ரி போறதுக்குப் போட்டா கௌரவக் குறைச்சலா?

இன்னொரு கோஷ்டி, "அதெல்லாம் ஒரு வருஷம் சும்மா இருக்க வசதி உள்ளவங்களுக்கு"ன்னு சொல்லும். நேர்மாறு. வசதி உள்ளவனுக்கு ஒரு இன்டேக் போனா ஒரு டூர் போயிட்டு வருவான். கடன்காரனுக்கு? டெபாசிட்டுக்காக 5 லட்சம் எடுத்து, வட்டி 10 சதவீதம்னா மாசம் 4,000 ரூபாய்க்கு மேல ஓடிக்கிட்டிருக்கும். வேண்டாம்னு சொன்ன வேலை மாசம் 25,000னா ஜனவரி வரைக்கும் நாலு மாசத்துக்கு ஒரு லட்சம் போச்சு. வாய்ப்புச் செலவுன்னு படிச்சோமே, அது இதுதான். கையில காசு இல்லாதவன்தான் தேதியைச் சரியா போடணும்.

சரி, என்னதான் பண்ணச் சொல்றன்னு கேட்டா, மூணே மூணு.

ஒண்ணு, யார் எண் சொன்னாலும் "எந்த நாள்லேர்ந்து எந்த நாள் வரைக்கும்?"னு கேளுங்க. பதில் வரலைன்னா அந்த எண்ணை அங்கயே விட்டுட்டு வாங்க.

ரெண்டு, வகுப்பு தொடங்கற தேதியிலேர்ந்து பின்னால எண்ணுங்க. முன்னாலேர்ந்து எண்ணினா எல்லாமே முடியற மாதிரிதான் தெரியும். ஒரு நோட்டுல எழுதி, வீட்டுச் சுவத்துல ஒட்டுங்க. அப்பாவுக்கும் தெரியட்டும்.

மூணு, இதுதான் முக்கியம். ஒரு நிறுத்தத் தேதி வைங்க. இந்தத் தேதிக்குள்ள சி.ஏ.எஸ் வரலைன்னா, இந்தத் தேதிக்குள்ள கடன் அனுமதி வரலைன்னா, இந்த இன்டேக் இல்லை, அடுத்ததுன்னு. அந்தத் தேதிக்கு முன்னாடி, திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீங்க. கையில இருக்கிற வேலையை விடாதீங்க. டெபாசிட் கட்டறதுக்கு முந்தின நாள் ரீஃபண்ட் விதியைப் படிங்க. விசா மறுத்தா திருப்பித் தர்றதும், நாம தாமதமானா திருப்பித் தர்றதும் ஒண்ணு இல்லை.

அடுத்த தடவை சொந்தக்காரங்க கல்யாணத்துல "எப்பப்பா கிளம்பற?"னு கேட்டா, "எல்லா பேப்பரும் வந்த பிறகு சித்தப்பா"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போங்க. பந்தி முடிஞ்சுடப் போகுது :-)

பி.கு: விசா கட்டணம், காட்ட வேண்டிய தொகை எல்லாம் அடிக்கடி ஏறுது. பிரிட்டன் 2025லயே ஜனவரியில ஒரு தடவை, நவம்பர்ல ஒரு தடவை தொகையை ஏத்திச்சு. அதனால அந்த எண்களை இங்க எழுதலை. விண்ணப்பிக்கற அன்னிக்கு அந்தந்த அரசாங்கத்தோட தளத்துலயே பார்த்துக்குங்க.