சங்கம் தரும் முத்திரை

அமெரிக்க வானிலையியல் சங்கம் நாளைக்கு மழை வருமா என்று சொல்வதில்லை. புயல் எச்சரிக்கை விடுவதும் விமான நிலையங்களுக்குக் காற்றின் வேகத்தைத் தெரிவிப்பதும் அந்நாட்டு அரசின் தேசிய வானிலைச் சேவையின் வேலை. சங்கம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. அரசு முன்னறிவிப்பாளர், பல்கலைக்கழக ஆய்வாளர், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர், தனியார் ஆலோசகர், ராணுவ வானிலை அதிகாரி, கல்லூரி மாணவர் என்று பலதரப்பட்டவர்கள் சந்தா கட்டி அதில் சேர்கிறார்கள். சந்தாவுக்கு ஈடாக ஒரு மாத இதழ் வரும். மாநாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். இவை எந்தச் சங்கத்திலும் கிடைப்பவைதான். நாளை நடக்கப்போவதைச் சொல்லிப் பிழைக்கும் தொழிலில், சொல்பவரை நம்பலாமா என்ற கேள்வி எப்போதும் நிற்கும். அந்தக் கேள்விக்கு உறுப்பினர் காட்டக்கூடிய பதிலைத் தயாரித்துக் கொடுப்பதுதான் இந்தச் சங்கத்தின் முக்கிய வேலை.

1919இல் செயின்ட் லூயிஸ் நகரில், சார்லஸ் பிராங்க்ளின் புரூக்ஸ் என்பவரின் முயற்சியில் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் செய்தி இதழ் வெளிவந்தது. ஆரம்ப கால உறுப்பினர்களில் பள்ளி ஆசிரியர்களும், சொந்த ஆர்வத்தால் வெப்பமும் மழையும் குறித்துவைத்தவர்களும் நிறையப் பேர். வானிலையை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்கள் அப்போது நாட்டிலேயே அதிகம் இல்லை.

அந்த நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். குண்டுவீச்சு விமானம் கிளம்பவும், படைகள் கரையிறங்கவும் வானிலை தெரிய வேண்டியிருந்ததால், ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அவசர அவசரமாக வானிலைப் பயிற்சி தரப்பட்டது. அந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் சுவீடனிலிருந்து வந்து குடியேறிய கார்ல் குஸ்தாஃப் ராஸ்பி. போர் முடிந்தால் இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்ற கவலை அவருக்கு முன்கூட்டியே இருந்தது. 1944இல் சங்கத்தின் தலைவரான அவர், ஆர்வலர்களின் கூட்டமாக இருந்ததைத் தொழில் வல்லுநர்களின் அமைப்பாகத் திருப்பினார். அதே ஆண்டில் சங்கத்தின் முதல் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும் வானிலையாளர்களை வேலைக்கு வைக்கலாம் என்ற எண்ணத்துக்கும் அவர் ஆதரவு தந்தார். சான்று, தேர்வு, முத்திரை என்று பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

1950களில் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்தபோது வானிலைச் செய்தி கேளிக்கை நிகழ்ச்சியானது. பொம்மைகளை வைத்து வானிலை சொன்னார்கள். நகைச்சுவைக் கலைஞர்கள் சொன்னார்கள். கவர்ச்சியான இளம் பெண்களை வரைபடத்தின் முன் நிறுத்தினார்கள். சொல்கிறவருக்குக் காற்றழுத்தம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பேசியவருக்குச் சம்பளம் வந்தது. பிழையானால் கெட்ட பெயர் மட்டும் படித்த வானிலையாளர்களுக்கு வந்தது. இதற்கு மாற்றாக 1957இல் சங்கம் ‘ஒப்புதல் முத்திரை’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. விண்ணப்பிப்பவர் தாம் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை அனுப்ப வேண்டும். சக வானிலையாளர்கள் அதைப் பார்த்து, அறிவியல் சரியா, பார்ப்பவருக்குப் பயனுள்ள தகவல் இருக்கிறதா, ஏன் அப்படி நடக்கும் என்ற விளக்கம் இருக்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று மதிப்பிடுவார்கள். தேறியவர் தம் பெயருக்குப் பக்கத்தில் முத்திரையைத் திரையில் காட்டிக்கொள்ளலாம். உள்ளூர் நிலையங்களுக்கு இது நல்ல விளம்பரமும் ஆனது. எதிர் அலைவரிசையில் முத்திரை இருந்து தங்களிடம் இல்லையென்றால் நிலைய மேலாளருக்குத் தூக்கம் வராது.

அந்தப் பழைய முத்திரையில் ஒரு குறை இருந்தது. சில வானிலைப் பாடங்களைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். வானிலையியலில் பட்டம் வேண்டியதில்லை. 2005இல் ‘சான்றுபெற்ற ஒளிபரப்பு வானிலையாளர்’ என்ற கடுமையான தகுதி அறிமுகமானது. இதற்குப் பட்டமும் வேண்டும், எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும், அதன்மேல் நிகழ்ச்சிப் பதிவுகளும் மதிப்பிடப்படும். சான்று கிடைத்த பிறகும் தொடர்ந்து படித்ததற்குக் கணக்குக் காட்டினால்தான் அது நீடிக்கும். 2008க்குப் பின் பழைய முத்திரை புதிதாக யாருக்கும் தரப்படவில்லை.

முத்திரையைக் கொடுக்கும் கை, அதைப் பறிக்கவும் முடியும் என்பதால் சண்டை வராமலும் இல்லை. 2006 டிசம்பரில், வானிலைக்கென்றே நடக்கும் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றின் காலநிலை நிபுணர், புவி வெப்பமாதலின் அடிப்படை அறிவியலை ஏற்காத அறிவிப்பாளர்களுக்கு முத்திரை தேவையா என்று கேட்டு எழுதினார். அப்போது திரையில் வானிலை சொன்னவர்களில் பலருக்கு அந்த அறிவியலில் சந்தேகம் இருந்தது; ஆகவே பெரிய கூச்சல் எழுந்தது. சங்கம் அந்த வழியில் போகவில்லை. கருத்தைச் சோதிக்கும் தேர்வாக முத்திரை மாறியிருந்தால் அதன் மதிப்பு அன்றே சரிந்திருக்கும். ஒருவருக்கு வேலை தெரியுமா என்று சான்று சொல்லலாம். எல்லாவற்றிலும் அவர் சரியாக நினைக்கிறாரா என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

திரைக்கு வராத இன்னொரு சான்றும் உண்டு. ‘சான்றுபெற்ற ஆலோசக வானிலையாளர்’ என்ற அந்தத் தகுதியும் 1957இல் தொடங்கியதுதான். ஐந்தாண்டுத் தொழில் அனுபவம், எழுத்துத் தேர்வு, சொந்தமாக எழுதிய ஆய்வறிக்கை, தேர்வுக் குழு முன்னால் நேர்காணல் என்று எல்லாவற்றையும் தாண்டினால்தான் கிடைக்கும். இதன் பயன் நன்றாகத் தெரியும் இடம் நீதிமன்றம். விபத்து நடந்த காலையில் சாலையில் பனி உறைந்திருந்ததா, பாரந்தூக்கி சரிந்த நேரத்தில் காற்று எவ்வளவு, கூரை பிய்ந்தது சுழல்காற்றாலா அல்லது கட்டியவரின் கோளாறா என்றெல்லாம் கேள்விகள் வரும். அந்த இடத்தில் கருவி எதுவும் இருந்திருக்காது. பக்கத்து நிலையங்களின் பதிவு, ரேடார் படம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றைச் சேர்த்து, அந்த நேரத்தில் அந்த இடத்தில் வானம் எப்படி இருந்திருக்கும் என்று ஆலோசகர் திரும்பக் கட்டிக் காட்ட வேண்டும்.

2005 ஆகஸ்ட் 29இல் கரையேறிய காத்ரீனா சூறாவளிக்குப் பிறகு மிசிசிப்பி கடற்கரையில் பல வீடுகளில் எஞ்சியது காங்கிரீட் தளம் மட்டுமே. சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றால் வந்த சேதத்துக்குப் பணம் தரும். வெள்ளத்தால் வந்ததற்குத் தராது. வெள்ளத்துக்கென்று தனிக் காப்பீடு எடுக்காதவர்கள் ஏராளம். சுவர், கூரை, கதவு எதுவும் இல்லாத இடத்தில், வீட்டைக் கொண்டுபோனது காற்றா, கடலா? கடல்நீர் வருவதற்கு முன்பே காற்று வீட்டை உடைத்துவிட்டது என்று காட்ட வீட்டுக்காரர் தரப்பு ஒரு வானிலையாளரைக் கொண்டுவந்தது. இல்லை, நீர்தான் காரணம் என்று காட்ட நிறுவனத் தரப்பு இன்னொருவரைக் கொண்டுவந்தது. காற்று எத்தனை மணிக்கு உச்சம் தொட்டது, நீர் எத்தனை மணிக்கு எந்த உயரத்துக்கு வந்தது என்ற கணக்கில் குடும்பங்களின் மொத்தச் சேமிப்பும் தொங்கியது. இப்படிப்பட்ட கூண்டில் நிற்பவரிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது தகுதியைத்தான்.

சொல்பவரை நம்பலாமா என்று சோதிக்கும் இதே வேலையை அறிவுலகில் ஆய்விதழ்கள் செய்கின்றன. வளிமண்டலம், கடல், காலநிலை, நீரியல், முன்னறிவிப்பு என்று துறைவாரியாகச் சங்கம் பல இதழ்களை நடத்துகிறது. 1872 முதல் அரசு வெளியிட்டுவந்த மாதாந்திர வானிலை ஆய்விதழும் 1974இல் சங்கத்தின் கைக்கு வந்தது. கட்டுரை அனுப்பினால் அதே துறையைச் சேர்ந்த சிலர் படித்துக் குறைகளைப் பிரித்துப் போடுவார்கள். பல நேரங்களில் ஒருமுறைக்கு மேல் திருத்தி அனுப்ப வேண்டியிருக்கும். அப்படிப் படிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வெளியிடும் செலவுக்கு ஆசிரியர்களிடமே கட்டணம் வாங்கப்படுவதால், ஆய்வு நிதி இல்லாதவருக்கு இது சுமைதான். மறுபக்கம், ஓராண்டு கழிந்த கட்டுரைகளை உறுப்பினர் அல்லாதவரும் இலவசமாகப் படிக்க முடிகிறது.

எட்வர்டு லோரன்ஸ் 1963இல் எழுதிய பன்னிரண்டு பக்கக் கட்டுரை வந்தது இந்த இதழ்களில் ஒன்றில்தான். தொடக்க நிலையில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடு, போகப் போக முற்றிலும் வேறான வானிலைக்குக் கொண்டுபோகும் என்று அது மூன்றே சமன்பாடுகளில் காட்டியது. நீண்ட நாள் முன்னறிவிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு அது அடிப்படை. முதல் பத்தாண்டில் வானிலைத் துறைக்கு வெளியே அதைக் கவனித்தவர் மிகக் குறைவு. பின்னர் இயற்பியலும் கணிதமும் அதைக் கண்டெடுத்து ஒழுங்கின்மைக் கோட்பாடு என்ற துறையையே வளர்த்தன. நிபுணர்கள் மட்டும் படிக்கும் ஓர் இதழைப் பொறுமையாக நடத்திக்கொண்டிருப்பதன் பயன் இப்படித் தாமதமாகவும் வரும்.

ஆண்டு மாநாடு ஒவ்வொரு ஜனவரியிலும் வேறொரு நகரில் நடக்கும். ஒரே கூரையின் கீழ் பல துறை மாநாடுகள், கருவி விற்பவர்களின் கண்காட்சி, பொதுமக்களுக்கு ஒரு திருவிழா நாள், மாணவர்களுக்குத் தனி அமர்வுகள் எல்லாம் அதில் அடக்கம். வேலை தேடும் மாணவரும் ஆள் தேடும் நிறுவனமும் சந்திப்பதும் பெரும்பாலும் இங்கேதான். 2019 ஜனவரியில் பீனிக்ஸ் நகரில் கூடியபோது அமெரிக்க அரசு நிதியின்றி முடங்கியிருந்தது. அரசு விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோர் பயணம் செய்ய முடியவில்லை. பேச வேண்டியவரே இல்லாமல் பல அமர்வுகள் நடந்தன.

சங்கத்தின் மற்ற பணிகளில் மாணவர்களுக்கான உதவித்தொகைகள், பல்கலைக்கழகங்களிலும் நகரங்களிலும் உள்ள கிளைகள், பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1959இல் முதலில் வெளிவந்த வானிலைச் சொற்களஞ்சியம், 2000இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு வளர்ந்தது. இப்போது அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

உறுப்பினர் தனியாகச் சொல்ல முடியாததைச் சங்கம் சேர்ந்து சொல்கிறது. காலநிலை மாற்றம் போன்றவற்றில் அவ்வப்போது அதிகாரபூர்வ அறிக்கை வெளியிடுகிறது. ஆண்டுதோறும் உலகக் காலநிலையின் நிலவரத்தைத் தொகுத்துத் தன் இதழோடு வெளியிடுகிறது. 2025 ஏப்ரலில், அமெரிக்காவின் தேசியக் காலநிலை மதிப்பீட்டை எழுதிவந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை அரசு விடுவித்தது. சில நாட்களிலேயே இந்தச் சங்கமும் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியமும் சேர்ந்து, அந்த ஆய்வுகளைத் தங்கள் இதழ்களில் சிறப்புத் தொகுப்பாக வெளியிடக் கட்டுரைகளைக் கேட்டன. அரசு மதிப்பீட்டுக்கு இது மாற்றாகாது என்பதைச் சங்கமே சொன்னது. வேலை பாதியில் நின்ற ஆய்வாளர்களுக்கு, எழுதியதை வெளியிட ஓர் இடமாவது கிடைத்தது.

சங்கம் தரும் உயர்ந்த விருதுகளில் ஒன்று ராஸ்பியின் பெயரில் இருக்கும் ஆய்வுப் பதக்கம். லோரன்ஸ் 1969இலும், வெப்பமண்டல மேகங்களையும் சூறாவளிகளையும் ஆராய்ந்த ஜோன் சிம்ப்சன் 1983இலும் அதைப் பெற்றார்கள். சிம்ப்சன் பின்னர் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார். சென்னையில் பிறந்து, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பருவமழையையும் சூறாவளியையும் கணினி மாதிரிகளில் கொண்டுவரப் பாடுபட்ட டி.என். கிருஷ்ணமூர்த்திக்கு 1985இல் அது கிடைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் காட்டிய வீ. ராமநாதனும் அதைப் பெற்றவர்.

அமெரிக்கச் சங்கத்தைவிட மூத்தது பிரிட்டனின் அரச வானிலையியல் சங்கம். 1850இல் ஹார்ட்வெல் மாளிகையின் நூலகத்தில் பத்துப் பேர் கூடித் தொடங்கினார்கள். முதல் செயலாளர் ஜேம்ஸ் கிளெய்ஷர், பின்னாளில் பலூனில் ஏறி உயிரைப் பணயம் வைத்து மேல்காற்றை அளந்தவர். அங்கேயும் பட்டயம் பெற்ற வானிலையாளர் என்ற தொழில் சான்று உண்டு. ஆனால் ஆர்வலர்களுக்கு அந்தச் சங்கம் என்றுமே கதவைச் சாத்தியதில்லை. தோட்டத்தில் மழைமானி வைத்துக் காலை ஒன்பது மணிக்கு அளவெடுப்பவரும் அதில் சேரலாம். அவரையும் மனதில் வைத்துத்தான் 1946 முதல் ஒரு மாத இதழ் வருகிறது.

இந்திய வானிலையியல் சங்கம் 1956இல் தொடங்கியது. அதன் தலைமையகம் டெல்லியில் இருக்கிறது; சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. ‘வாயுமண்டல்’ என்ற ஆய்விதழை வெளியிடுவதோடு, ‘டிராப்மெட்’ என்ற தேசியக் கருத்தரங்கையும் அது நடத்துகிறது. வானிலைத் துறை அதிகாரிகளும் ஐஐடி, பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பருவமழை, புயல், நகர வெள்ளம் பற்றிய தங்கள் கணக்குகளை அங்கே ஒருவர் முன் ஒருவர் வைக்கிறார்கள்.