ஏழரை விழுக்காடும் ஏலமலைக் குழந்தைகளும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகளின் ஓசை எழுந்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு அவை போடிமெட்டு மலைச்சாலை வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குச் செல்கின்றன, மாலையில் திரும்புகின்றன. அன்றாடம் மலையேறி இறங்க இயலாத சில குடும்பங்கள் சில ஆண்டுகள் தோட்டக் குடியிருப்பிலேயே தங்கிவிடுவதுண்டு.

அத்தகைய குடும்பத்து மாணவி ஒருவர் அண்மையில் தன் தாயுடன் என்னைப் பார்க்க வந்திருந்தார். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர். நீட் தேர்விலும் தகுதி பெற்றவர். ஆறாம், ஏழாம் வகுப்புகளை மட்டும் தோட்டத்துக்கு அருகிலிருந்த கேரள அரசுப் பள்ளியில் படித்திருந்தார். அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை. பொதுக் கலந்தாய்வில் தன் வகுப்புக்கான இடங்களுக்குப் போட்டியிடத் தடையில்லை. ஆனால் அங்கே மதிப்பெண் போதவில்லை. "ரெண்டு வருஷம் மலையில படிச்சது தப்பா சார்?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு உடனடியாக விடை கூற இயலவில்லை.

இந்த ஒதுக்கீடு பிறந்த காரணத்தை நினைவுகூர வேண்டும். நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்வோரின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. நீதிபதி பொ.கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு வழங்கப் பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காடாக நிர்ணயித்து 2020-இல் சட்டம் இயற்றியது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்றும் கூறியது.

மறுஆய்வு என்றவுடன், 'தகுதி குறைந்தோர் மருத்துவராகலாமா?' என்ற பழைய வினா மீண்டும் எழும். அந்த வினாவை முழுமையாகக் கேட்க வேண்டும். ஒதுக்கீட்டில் சேர்பவரும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். கல்லூரியில் அதே பாடங்களைப் படித்து, அதே தேர்வுகளில் தேறியாக வேண்டும். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டில், தரவரிசையில் வெகுவாகப் பின்தங்கியவரும் பணமிருந்தால் சேர முடிகிறது. அங்கே எழாத தகுதிக் கவலை இங்கே மட்டும் எழுவது விந்தையே.

பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த கோட்பாடு இங்கே உதவும். சான்றிதழோ மதிப்பெண்ணோ ஒருவரின் திறனை அறிவிக்கும் சமிக்ஞை. திறனுள்ளவருக்கு அதைப் பெறுவது எளிதாகவும், திறனற்றவருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் அது திறனை அளக்கும். அதைப் பெறும் செலவு பெற்றோரின் வருவாயைப் பொறுத்து எளிதாகவோ கடினமாகவோ அமைந்தால், அது வருவாயையும் சேர்த்தே அளக்கிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கைப்படி, மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் மீண்டும் தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. ஓராண்டைப் பயிற்சி மையத்தில் கழிக்கப் பயிற்சிக் கட்டணம் மட்டும் போதாது. அந்த ஆண்டின் கூலியையும் இழக்கக் குடும்பத்துக்கு வலு வேண்டும்.

எங்கள் ஊரில் ஏலக்காயைச் சல்லடையிட்டுப் பருமன்வாரியாகப் பிரிப்பார்கள். சல்லடை காயின் பருமனைச் சரியாகச் சொல்லும். அந்தச் செடிக்கு நீர் கிடைத்ததா என்பதைச் சொல்லாது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கியதை 2022 ஜனவரியில் உறுதிசெய்தபோது, போட்டித் தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது என்று உச்சநீதிமன்றமும் கூறியது.

ஆகவே, உள் ஒதுக்கீடு தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்தச் சட்டமும் ஒரு சல்லடைதான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழகத்தின் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. வசதியுள்ளவர்கள் கடைசி ஆண்டில் பள்ளி மாறி ஒதுக்கீட்டைக் கைப்பற்றாமலிருக்க இவ்விதி தேவை. ஆயினும், கூலிக்காக எல்லை தாண்டிய பெற்றோரின் குழந்தை வசதி தேடி இடம் மாறியதன்று. யாரைக் காக்க விதி எழுதப்பட்டதோ, அவரையே அது விலக்குகிறது.

அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை உள்ளது. அப்பள்ளிகளிலும் ஏழைக் குழந்தைகள் படிக்கின்றனர் என்பது உண்மை. ஆனால் 7.5 விழுக்காட்டை உயர்த்தாமல் அவற்றை முழுமையாகச் சேர்த்தால், நகரங்களிலுள்ள பெயர்பெற்ற பள்ளிகளே பெரும்பாலான இடங்களைப் பெறும்; கொட்டகுடி போன்ற மலைக்கிராமங்களின் மாணவர்கள் மேலும் பின்தள்ளப்படுவர். கலையரசன் ஆணையம் பரிந்துரைத்த 10 விழுக்காட்டை அரசு ஏற்குமானால், அந்தக் கூடுதல் இரண்டரை விழுக்காட்டில் உதவி பெறும் பள்ளிகளின் ஏழை மாணவர்களுக்கு இடமளிப்பதைப் பரிசீலிக்கலாம்.

அதற்குமுன் செய்யக்கூடியவை இரண்டு. அண்டை மாநிலங்களில் தோட்டத் தொழிலாளராக இருந்ததற்குச் சான்று காட்டும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளையும் கணக்கில் கொள்ளலாம். அடுத்து, ஒதுக்கீட்டுக்குள்ளேயே மலைக்கிராமப் பள்ளிகளின் மாணவர்களுக்குச் சில கூடுதல் புள்ளிகள் வழங்கலாம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பின்தங்கிய மாவட்டத்தினருக்கு இவ்வாறு புள்ளிகள் வழங்கியது நல்ல முன்னுதாரணம்.

1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பு சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை வீழ்த்தியபோது, அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. நீதிக்காக அரசமைப்பையே திருத்தச் செய்த மண்ணில், ஒரு தகுதி விதியைத் திருத்துவது பெரிய செயலன்று. அந்த மாணவி மலையில் படித்த இரண்டு ஆண்டுகள் அவருடைய தவறல்ல. அவற்றைக் கணக்கில் கொள்ளாதது நம் தவறு. மறுஆய்வு அதிலிருந்து தொடங்கட்டும்.